அழகுக்காக நல்ல பல்லை அராவலாமா? பல் உறையும் புன்னகைத் தன்னம்பிக்கையும் குறித்த கருத்துகளின் ஆய்வு

கேள்வியும் அதன் பின்புலமும்

சொத்தையோ உடைவோ இல்லாத ஒரு பல்லை, அதன் நிறமோ வடிவமோ வரிசையோ உரியவருக்குப் பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அராவிக் குறுக்கி, அதன்மேல் பீங்கான் உறையை மாட்டுவது மருத்துவத்தில் சேருமா, அலங்காரத்தில் சேருமா என்ற கேள்வி, பல் மருத்துவத்தை நெடுங்காலமாகத் தொடர்ந்து வருகிறது. மருத்துவர்கள் 'கிரவுன்' என்றும் நோயாளிகள் பெரும்பாலும் 'கேப்' என்றும் சொல்லும் பல் உறை, ஈறுக்கு மேலே தெரியும் பல் பகுதி முழுவதையும் தொப்பிபோல் மூடும் செயற்கைக் கூடு ஆகும். உடைந்த பல்லையும் வேர் சிகிச்சை செய்த பல்லையும் காப்பதற்காக வந்த இந்தக் கூடு, கடந்த சில பத்தாண்டுகளில் முழுமையான பற்களின்மீதும் ஏறத் தொடங்கியதால், பழைய கேள்வி புதிய கூர்மை பெற்றுள்ளது. இதை ஆதரிப்போர் முன்வைக்கும் முதன்மையான காரணம் தன்னம்பிக்கை: பல்லை மறைத்துக்கொண்டு பேசியவர் வாய்விட்டுச் சிரிக்க முடிகிறது என்பதே ஒரு சிகிச்சைப் பயன் என்கிறார்கள். எதிர்ப்போரோ, அராவிய பல் திரும்ப வளராது என்ற உடலியல் உண்மையை முன்வைக்கிறார்கள்.

தமிழ்ச் சொற்களே இந்தக் குழப்பத்தை முன்னறிந்து வைத்திருப்பதுபோல் தோன்றும். 'முறுவல்' என்ற பழஞ்சொல்லுக்குப் புன்னகை, பல் என்ற இரண்டு பொருளும் உண்டு. 'நகை' என்பது சிரிப்பையும் அணிகலனையும் ஒருசேரக் குறிக்கிறது. சொல்லின் ஒற்றுமையை வைத்து மருத்துவ வாதம் எழுப்ப முடியாது. ஆயினும் சிரிப்பு எங்கே முடிந்து அணி எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டுவது எளிதன்று என்பதற்கு இது ஒரு சான்று.

பல்லை அணியாகக் கண்ட மரபுகள்

முதல் நிலைப்பாடு மானுடவியல் சார்ந்தது. பல்லை மாற்றியமைப்பது மனித இயல்பு, அதை நோய், ஆரோக்கியம் என்ற அளவுகோலால் மட்டும் அளக்கக் கூடாது என்பது இதன் சாரம். இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்களின் கல்லறைகளில், கி.மு. 7ஆம் நூற்றாண்டு முதற்கொண்டு, முன்பற்களைச் சுற்றிய தங்கப் பட்டைகள் கிடைத்துள்ளன. அவற்றை விரிவாக ஆராய்ந்த மார்ஷல் பெக்கர், ஜீன் டர்ஃபா ஆகியோர், அவை பெரும்பாலும் பெண்களுக்கு உரியவை என்றும், தங்கப் பட்டை அணிவதற்காகவே சில முன்பற்கள் பிடுங்கப்பட்டிருக்கக்கூடும் என்றும் கருதினர். மாயா நாகரிகத்தில் முன்பற்களில் துளையிட்டுப் பச்சைக்கல் போன்ற கற்களைப் பதித்தார்கள். ஜப்பானில் காடியில் கரைத்த இரும்பையும் டானின் நிறைந்த தாவரப் பொடியையும் சேர்த்துப் பற்களைக் கருமையாக்கும் 'ஒஹகுரோ' வழக்கம் நூற்றாண்டுகளாக நிலவியது. 1870இல் பிரபுக் குடும்பத்தினருக்கு அரசு அதைத் தடைசெய்ய, 1873இல் பேரரசியே வெண்பற்களுடன் வெளியே தோன்றிய பிறகு அது தேய்ந்தது. வெண்மைதான் அழகு என்பது ஓர் அரசாணையின் வழியாகவும் வரக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

பாலித் தீவில் இன்றும் நடக்கும் பல் அராவும் சடங்கு இவ்வகையில் தனியே கவனிக்கத்தக்கது. பருவமெய்திய இளையோரின் மேல் வரிசையில் நான்கு வெட்டுப்பற்களையும் இரண்டு கோரைப்பற்களையும் அரத்தால் இலேசாகத் தேய்க்கிறார்கள். அந்த ஆறு பற்களும் காமம், குரோதம், லோபம், மோகம், மதம், மாற்சரியம் என்ற அறுபகைக்கு அடையாளம். இங்கே பல்லின் இழப்பு ஒழுக்கத்தின் விலையாகக் கொள்ளப்படுகிறது.

இந்த நிலைப்பாட்டின் வலிமை, 'சரியான பல்' என்பதற்கு உலகப் பொதுவான வடிவம் இல்லை என்று காட்டுவதில் இருக்கிறது. தமிழரிடையே தெற்றுப்பல் பல காலமாக முகத்துக்கு அழகு சேர்ப்பதாகவே எண்ணப்பட்டது. ஜப்பானில் 'யாயெபா' என்ற பெயரில் அதே துருத்திய கோரைப்பல் இளம்பெண்களிடையே விரும்பப்பட்டது. நைஜீரியாவில் முன்பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி அழகின் அடையாளம். ஆனால் இதே சான்றுகள் நேர் எதிரான இரண்டு முடிவுகளுக்கும் பயன்படுத்தப்படுகின்றன. எல்லாக் காலத்திலும் மனிதர் பல்லை மாற்றியிருக்கிறார்கள், ஆகவே இன்றும் மாற்றலாம் என்கிறது ஒரு தரப்பு. அழகு இடத்துக்கு இடம் மாறும், ஆகவே ஒரே வெண்மைக்காகப் பல்லை இழக்க வேண்டாம் என்கிறது மறு தரப்பு. பழைய வழக்கங்கள் ஒரு குலத்தையோ நிலையையோ பருவத்தையோ பிறருக்கு அறிவித்தன. இன்றைய உறை அணிபவரோ பெரும்பாலும் பிறர் கண்ணில் குறை படாதிருக்கவே விரும்புகிறார் என்ற வேறுபாட்டை இரு தரப்பும் போதிய அளவு கவனிப்பதில்லை. மரபு என்பதனால் தீங்கு இல்லாமல் போய்விடவும் இல்லை: மாயா மக்களின் துளையிட்ட பற்கள் சிலவற்றின் வேர்நுனியில் சீழ்க்கட்டியின் தடயங்கள் காணப்பட்டுள்ளன.

பாரிஸ் முதல் ஹாலிவுட் வரை

இரண்டாவது நிலைப்பாடு வரலாற்றாசிரியர்களுடையது. பல் தெரியச் சிரிப்பதே ஒரு காலத்தில் கற்றுக்கொள்ளப்பட்ட பழக்கம் என்கிறார்கள் இவர்கள். பியர் ஃபோஷார் 1728இல் பாரிஸில் வெளியிட்ட இரு தொகுதி நூல், பல் பிடுங்குவோர் என்ற நிலையிலிருந்து பல்லைக் காப்போர் என்ற நிலைக்குத் தொழில் மாறியதன் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. ஓவியர் எலிசபெத் விஜே லெ ப்ருன் 1787இல் காட்சிக்கு வைத்த, மகளை அணைத்தபடி இருக்கும் தற்சித்திரத்தில் உதடுகள் விலகிப் பற்கள் தெரிந்தது அன்றைய கலையுலகில் முகச்சுளிப்பை உண்டாக்கியது. இந்த நிகழ்வுகளை இணைத்து, பதினெட்டாம் நூற்றாண்டு பாரிஸில் ஒரு 'புன்னகைப் புரட்சி' நடந்தது என்று கொலின் ஜோன்ஸ் 2014இல் வாதிட்டார். அதற்குமுன் மேன்மக்களின் வாய் மூடியே இருந்தது. பல்லைக் காட்டுவது பண்பன்று என்ற எண்ணம் ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. தமிழில் 'பல்லிளித்தல்' இன்றும் இழிவுச் சொல்லாகவே வழங்குகிறது. ஜோன்ஸின் வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு: பிரெஞ்சுப் புரட்சியின் வன்முறைக் காலத்தோடு அந்தப் புன்னகை பொதுவெளியிலிருந்து மறைந்துவிட்டது என்று அவரே ஒப்புகிறார். பல் மருத்துவத்தால் புன்னகை வந்தது என்ற நேர்க்கோட்டுக் கதை ஆகவே நிற்பதில்லை.

இன்றைய உறையின் நேர் முன்னோடி அமெரிக்காவில் தோன்றியது. டெட்ராய்ட் நகரின் பல் மருத்துவரும், விமானி சார்லஸ் லிண்ட்பர்க்கின் தாய்வழிப் பாட்டனாருமான சார்லஸ் லாண்ட், பிளாட்டினத் தகட்டின்மீது பீங்கானைச் சுடும் முறையை 1880களில் உருவாக்கி, 1900களின் தொடக்கத்தில் முழுப் பீங்கான் உறையை அறிமுகப்படுத்தினார். உலோகத்தின்மேல் பீங்கானை உருக்கிப் பிணைக்கும் முறை 1960களில் நிலைபெற்றது. அதற்கிடையே 1930களில் ஹாலிவுட்டில் பல் மருத்துவர் சார்லஸ் பிங்கஸ் திரைநடிகர்களின் பற்களுக்கு மெல்லிய முகப்புத் தகடுகள் செய்து கொடுத்தார். விழுந்த பால்பற்களை மறைக்கச் சிறுமி ஷெர்லி டெம்பிளுக்கும் அவர் இத்தகையவற்றைச் செய்தார். இந்த வரலாற்றில் அடிக்கடி விடுபடும் ஒரு செய்தி, பிங்கஸின் தகடுகள் பல்லை அராவாமல் தற்காலிகமாக ஒட்டப்பட்டவை என்பது. படப்பிடிப்பு முடிந்ததும் அவற்றைக் கழற்றிவிடலாம். 'ஹாலிவுட் புன்னகை' என்று இன்று விற்கப்படும் பொருளின் மூலவடிவம் கழற்றி மாட்டக்கூடியதாக இருந்தது.

மைக்கேல் புவனகோர் 1955இல் பாஸ்பாரிக் அமிலத்தால் பல்லின் மேற்பரப்பை நுண்மையாகச் சொரசொரப்பாக்கி, அதன்மீது பிசினை உறுதியாக ஒட்டலாம் என்று காட்டினார். 1980களின் தொடக்கத்தில் அதே உத்தியால் பீங்கான் தகடுகள் நிரந்தரமாக ஒட்டப்பட்டன. பல்லின் முன்முகத்தை மட்டும் மூடும் இந்தத் தகடே 'வெனீர்'. உறைக்கும் வெனீருக்கும் உள்ள வேறுபாடு இந்த விவாதம் முழுவதற்கும் அடிப்படையானது. விளம்பரங்களில் அதிகம் குழப்பப்படுவதும் அதுவே.

உறை கேட்கும் விலை

மூன்றாவது நிலைப்பாடு உயிரியல் சார்ந்தது. இது எண்களில் பேசுகிறது. பல்லின் வெளிப்பூச்சான எனாமல் உடலிலேயே மிகக் கடினமான பொருள், ஆனால் அதை உருவாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால் மீண்டும் வளராதது. அதன் அடியில் நுண்குழாய்கள் நிறைந்த டென்டினும், நடுவே நரம்பும் இரத்தக் குழாயும் கொண்ட பற்கூழும் உள்ளன. உறை பொருந்த வேண்டுமானால் பல்லைச் சுற்றிலும் ஏறத்தாழ 1 முதல் 2 மி.மீ. வரை அராவ வேண்டும். வெனீருக்குப் பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே போதும். டானியல் எடெல்ஹாஃப், ஜான் சோரன்சன் இருவரும் 2002இல் வெளியிட்ட அளவீட்டின்படி, முழு உறைக்காகத் தயார்செய்யும்போது வெளித்தெரியும் பல்லின் எடையில் 63 முதல் 72 விழுக்காடு போய்விடுகிறது. வெனீர் போன்றவற்றுக்கு இழப்பு 3 முதல் 30 விழுக்காடு வரை.

அராவும் வெப்பமும் அதிர்வும் டென்டின் திறந்துகொள்வதும் பற்கூழைப் பாதிக்கக்கூடும். ஹாங்காங்கில் உலோகப் பீங்கான் உறையிட்ட பற்களைப் பின்தொடர்ந்து 2005இல் வெளியான ஆய்வில், பத்தாண்டு முடிவில் ஏறத்தாழ ஆறு பற்களில் ஒன்றில் பற்கூழ் உயிரிழந்திருந்தது. அப்படி நேரும்போது உறையைத் துளைத்து வேர் சிகிச்சை செய்ய நேர்கிறது. அழகுக்காகத் தொடங்கியது நோய்க்கான சிகிச்சையாக முடிகிறது. இந்த வாதத்திலும் ஒரு பலவீனம் உண்டு. அந்த ஆய்வில் உறையிடப்பட்ட பற்கள் பலவும் முன்பே சொத்தையாலோ அடைப்பாலோ பழுதுபட்டவையாக இருந்திருக்கக்கூடும் என்பதால், குறையில்லாத பல்லில் உறையிட்டால் அதே அளவு தீங்கு வரும் என்று நேராகக் கூறிவிட முடியாது.

உறையை ஆதரிப்போரிடமும் எண்கள் உண்டு. இன்றைய பீங்கான், சிர்கோனியா உறைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவை ஐந்தாண்டுகள் நிலைத்திருக்கின்றன. இந்த எண் உறையின் ஆயுளைக் கூறுகிறது, பல்லின் ஆயுளைக் கூறுவதில்லை; இருபத்தைந்து வயதில் உறையிட்டவருக்கு ஐந்தாண்டு என்பது தொடக்கமே. முழுமையாக மருத்துவத் தேவைக்கென உறையிடும் இடத்திலும் அறிவு முழுத்தெளிவோடு இல்லை என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். வேர் சிகிச்சை செய்த பற்களில் உறையிடாதவை, உறையிட்டவற்றைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டதாக அக்விலினோ, கப்லன் ஆகியோரின் 2002ஆம் ஆண்டு ஆய்வு கூறியது. ஆனால் வேர் சிகிச்சைக்குப் பின் உறையே சிறந்ததா, சாதாரண அடைப்பு போதுமா என்று முடிவுசெய்யச் சீரற்ற ஒதுக்கீட்டு முறை ஆய்வுகளில் போதிய சான்று இல்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மறுஆய்வு பிற்பாடு தெரிவித்தது.

தன்னம்பிக்கையை எதைக்கொண்டு அளப்பது?

விவாதத்தின் மையமான தன்னம்பிக்கை வாதம் இரண்டு கூற்றுகளால் ஆனது. அவற்றைப் பிரிக்காமல் விடுவதே பெரும்பாலான எழுத்துகளின் குறை. பல் அழகாக இருப்பவரைப் பிறர் மேலாக மதிக்கிறார்கள் என்பது முதல் கூற்று. பல்லை அழகாக்கினால் உரியவரின் மனநிலை நிலையாக மேம்படும் என்பது இரண்டாவது. முதல் கூற்று உண்மையாக இருந்தாலும் இரண்டாவது அதிலிருந்து தானாகப் பின்தொடர்வதில்லை.

முதல் கூற்றுக்குச் சான்று வலுவானது. அழகான முகத்துக்கு உரியவர் குணத்திலும் நல்லவராக இருப்பார் என்று மக்கள் ஊகிக்கிறார்கள் என்பதை டயான், பெர்ஷைட், வால்ஸ்டர் ஆகியோரின் 1972ஆம் ஆண்டுச் சோதனை நிறுவியது. பொருளியல் வழியாகவும் ஒரு முயற்சி நடந்தது. அமெரிக்காவில் சொத்தையைத் தடுக்க ஃப்ளூரைடு கலந்த குடிநீர் உள்ள ஊர்களில் வளர்ந்த பெண்கள், அது இல்லாத ஊர்களில் வளர்ந்தோரைவிட ஏறத்தாழ 4 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்று ஷெரி கிளிட், மாத்யூ நைடெல் 2010இல் கணித்தனர். ஆண்களிடம் இந்த வேறுபாடு தென்படவில்லை. பல்லின் தோற்றத்துக்கான விலையைச் சமூகம் பெண்களிடமே வசூலிக்கிறது என்று இதற்குப் பொருள்கொள்ளலாம். அப்படியானால் அது பல்லின் குறையா, பார்ப்போரின் குறையா என்ற கேள்வி எழுவது இயல்பு.

இரண்டாவது கூற்று அவ்வளவு உறுதியானதன்று. பிளாஸ்டிக் அறுவை மருத்துவரான மாக்ஸ்வெல் மால்ட்ஸ், முகம் திருந்திய பின்னும் சிலர் தம்மை முன்போலவே அழகற்றவராக எண்ணித் துயருற்றதைக் கண்டு, திருத்த வேண்டியது அகத்தில் உள்ள தன்னுருவம் என்று 1960இல் எழுதினார். இது மருத்துவரின் அவதானிப்பு மட்டுமே. பல் துறையில் இதை முறையாகச் சோதித்தது வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் ஆய்வு. அங்கே 1981இல் பதினொன்று, பன்னிரண்டு வயதுடைய 1,018 சிறுவர் சிறுமியர் சேர்க்கப்பட்டனர்; இருபதாண்டுகளுக்குப் பின் அவர்களில் 337 பேர் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். பல்லுக்குக் கிளிப் போட்டுச் சீராக்கிக்கொண்டவர்களின் வரிசை மேம்பட்டிருந்தது. அதைப் பற்றி அவர்கள் நிறைவாகவும் இருந்தனர். ஆனால் வளர்ந்த பருவத்தின் உளநலத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் அச்சிகிச்சையின் பங்கு மிகச் சிறியது என்று 2007இல் முடிவு வெளியானது. மூன்றில் இரண்டு பங்கினர் ஆய்விலிருந்து விலகியது இதன் குறை. கிளிப் பற்றிய முடிவை உறைக்கு அப்படியே பொருத்தலாகாது என்பது மற்றொன்று. எனினும் 'பல் திருந்தினால் வாழ்க்கை திருந்தும்' என்ற உறுதிமொழிக்கு எதிராக இதுவரை வந்தவற்றில் இதையே கனமான சான்றாகக் கொள்ளலாம்.

உறை, வெனீர் குறித்த ஆய்வுகளில் பலவும் சிகிச்சைக்குச் சில வாரங்களோ மாதங்களோ கழித்து வினாப்பட்டியல் மூலம் நிறைவைக் கேட்டவை. வாய்நலம் வாழ்க்கையில் ஏற்படுத்தும் தாக்கத்தை அளக்கும் அளவுகோல்கள் 1990களில் உருவாயின. தோற்றத்துக்கெனத் தனி அளவுகோல் 2006இல் வந்தது. இவை பயனுள்ள கருவிகளே. ஆனால் பெருந்தொகை செலவிட்டு, மாற்ற முடியாத முடிவை எடுத்த ஒருவர், அந்த முடிவு சரியென்றே நம்ப விரும்புவார். மனநிறைவற்றவரோ வேறு மருத்துவரிடம் போய்விடுவதால் கணக்கில் வராமல் போகிறார். தம் பல்லை வெறுப்போரில் சிறுபான்மையினருக்கு உடல்தோற்றக் கோளாறு இருக்கக்கூடும் என்பதும் கவனத்துக்குரியது. பிறர் கண்ணுக்குத் தென்படாத குறையை இடைவிடாது எண்ணி வருந்தும் இந்த மனநோய்க்குப் பல்லை அராவுவது மருந்தாவதில்லை.

உரிமையும் 'மகள் சோதனை'யும்

தன் உடல்மீது தனக்கே உரிமை, முழுத் தகவல் அறிந்து ஒப்பியவரைத் தடுப்பது மருத்துவரின் வேலையன்று என்பது தாராளவாத நிலைப்பாடு. இதற்கு மறுமொழியாக பிரிட்டன் பல் மருத்துவர் மார்ட்டின் கெலெஹர் 2010இல் 'மகள் சோதனை'யை முன்வைத்தார்: இந்தச் சிகிச்சையின் விளைவுகளை அறிந்த மருத்துவர், தம் சொந்த மகளின் பல்லில் இதைச் செய்வாரா? எளிதில் மனத்தில் பதியும் சோதனை இது. எனினும் மருத்துவரின் ரசனையே அளவாகிவிடும் ஆபத்து இதில் உண்டு. வளர்ந்த நோயாளியை மகளின் இடத்தில் வைப்பதும் பழைய தந்தைமை மனப்பான்மையின் சாயலைக் கொண்டது. உரிமை வாதத்தின் ஓட்டை வேறிடத்தில் உள்ளது. இருபத்திரண்டு வயதில் கையெழுத்திடுபவர், அறுபது வயதில் அதே பல்லுக்கு மூன்றாவது உறையோ செயற்கை வேரோ தேடப்போகும் ஒருவருக்காகவும் சேர்த்துக் கையெழுத்திடுகிறார்.

பிரிட்டனில் 'துருக்கிப் பற்கள்' என்று அழைக்கப்படும் நிகழ்வு இந்த ஓட்டையை வெளிச்சமிட்டது. குறைந்த செலவில் ஒரு வார விடுமுறைக்குள் முழு வரிசையையும் வெண்மையாக்கிக்கொள்ளத் துருக்கி போன்ற நாடுகளுக்குப் போனவர்களில் சிலர், வெனீர் என்று எண்ணிச் சென்று உறைக்கான அளவு அராவப்பட்டுத் திரும்பினார்கள். வெளுப்பாக்கும் மருந்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு 6 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் வரம்பு விதித்திருக்கிறது. நல்ல பல்லிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் அராவலாம் என்பதற்கு அத்தகைய வரம்பு இல்லை.

தருமபுரியின் பற்கள்

மருத்துவம், அழகு என்ற இருமை தமிழ்நாட்டின் வடமேற்கு மாவட்டங்களில் கலைந்துவிடுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுதி. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாவிடில் உச்ச வரம்பு 1.5 என்பது இந்தியத் தர நிர்ணயம். பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் இதைத் தாண்டிய நீரைக் குடித்து வளர்ந்தோரின் பற்களில் வெண்திட்டுகளும் பழுப்புக் கறைகளும் குழிகளும் தோன்றுகின்றன. இலேசான நிலையில் அந்தப் பல் சொத்தையை எதிர்க்கவல்ல உறுதியான பல். ஆயினும் உரியவர் கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசுகிறார். இதை நோய் என்பதா, தோற்றக் குறை என்பதா? காரணம் குடிநீர் என்றிருக்க, தீர்வைத் தனிமனிதரின் பணப்பையில் தேடச் சொல்வது நியாயமா? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டது அடுத்த தலைமுறைக்கான விடை. ஏற்கெனவே கறைபட்ட பல்லுக்கு வெளுப்பாக்குதல், மேற்பரப்பை இலேசாகத் தேய்த்தல், பிசின் ஊடுருவல், பிசின் பூச்சு, வெனீர், கடைசியாக உறை என்று படிப்படியான வழிகள் உள்ளன. கறை ஆழமாகும்போது முதற்படிகள் பலனளிப்பதில்லை என்பதும், ஃப்ளூரைடு மிகுந்த எனாமல் அமிலத்துக்கு எளிதில் இளகாததால் ஒட்டும் சிகிச்சை சற்றுக் கடினம் என்பதும் உண்மை. உறையை அறவே மறுக்கும் தூய்மைவாதம் இத்தகையோருக்கு விடை தராது.

எஞ்சி நிற்பவை

இந்தக் கருத்துகளை நிறுத்துப் பார்க்கும்போது, உடைந்த, குழிவிழுந்த, கூழ் இறந்த பல்லில் உறையின் இடம் ஏற்கத்தக்கதாகவே நிற்கிறது. குறையில்லாத பல்லில் உறையை முதல் வழியாகக் கொள்வதற்கு, கிடைத்துள்ள சான்று போதாது. முதலில் கிளிப்பால் சீராக்கி, அடுத்து வெளுப்பாக்கி, தேவையான இடத்தில் மட்டும் பிசின் ஒட்டும் படிமுறைக்கு பிரிட்டனிலும் பிற நாடுகளிலும் ஆதரவு கூடிவருவது இதனாலேயே. ஆனால் கிளிப்புக்கு ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆகும். திருமணத் தேதி குறித்துவிட்டு வருபவரிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்ப்பது எளிதன்று.

ஒரே மாதிரியான குறையுடையோருக்கு உறை, வெனீர், பிசின் பூச்சு ஆகியவற்றைத் தனித்தனியே அளித்து, பதினைந்து இருபது ஆண்டுகள் அவர்களின் பல்லையும் மனநிலையையும் ஒருசேரப் பின்தொடரும் ஆய்வே இங்கு வேண்டப்படுவது. புன்னகையால் பெற்ற தன்னம்பிக்கை, உறை முதல்முறை உடையும் நாளிலும் நிலைக்குமா என்பதை அத்தகைய ஆய்வுதான் சொல்ல முடியும். அதுவரை, அழகுக்காக உறையை எண்ணுவோர், பல்லைத் தொடாமலே பிசினால் செய்து பொருத்திக் காட்டும் மாதிரிப் புன்னகையை முதலில் மருத்துவரிடம் கேட்டுப் பெற்று, அதைச் சில நாள் அணிந்து பார்த்து, எந்தப் பல்லில் எத்தனை மில்லிமீட்டர் அராவப்படும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே ஒப்புதல் தர வேண்டும்.